‘அப்பாவிடம் காட்ட வேண்டும்’ என்று லோகோவைப் பெரிதாகக் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் சிறு வணிகர்களுக்குத் தனியாக லோகோ வரைந்து கொடுக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பணம் கொடுத்து, மரியாதையாகப் பேசி, மாதிரிப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, முழு வேலையையும் கால்வாசிப் பணத்துக்கு எடுத்துச் செல்லும் ஒரு தந்திரத்தில் எனக்கு 9,000 ரூபாய் நின்றுபோயிருக்கிறது. மனு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்த முறையை மட்டும் சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில் சொந்தத் தோட்டம் இருப்பதாகவும், அங்கு விளையும் காப்பியையும் மிளகையும் ஏற்காடு அடிவாரச் சாலையில் கடை போட்டு நேரடியாக விற்கப் போவதாகவும் சொல்லி ஒருவர் வந்தார். மூன்று யோசனைகள், தேர்ந்தெடுத்ததில் இரண்டு திருத்தங்கள், அச்சுக்கான மூலக் கோப்புகள் ஆகியவற்றுக்குச் சேர்த்து 12,000 ரூபாய் என்றும், 3,000 முன்பணம் போக மீதியைக் கோப்புகளை ஒப்படைக்கும் முன் தர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். “பவுச்சு, ஸ்டிக்கரு, பில் புக்கு எல்லாமே இனி உங்ககிட்டத்தான் தம்பி, லோகோவுக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். நான் குறைக்கவில்லை. அவரும் மேற்கொண்டு பேரம் பேசாமல் 3,000 ரூபாயை அன்றே ஜிபேயில் அனுப்பிவிட்டார். அவருடைய கணக்கில் மொத்த விலையே அந்த மூவாயிரம்தான் என்பது பிறகுதான் வெளிப்பட்டது.

அவர் தேர்ந்தெடுத்த யோசனையில், ‘காப்பி’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் வரும் துணைக்காலை ஒரு காப்பிக் கிளையாகக் கீழே இழுத்து வளைத்து, அதில் மூன்று பழங்களை வைத்திருந்தேன். குறுக்கே ‘மாதிரி’ என்று வாட்டர்மார்க் போட்டுச் சிறிய அளவில் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “அப்பாவுக்கு போன்ல பாத்தா தெரியாதுங்க தம்பி, கொஞ்சம் பெருசா அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துக் காட்டிட்டுச் சொல்றேன்” என்றார். வயதானவருக்காகக் கேட்கிறார் என்பதால் வாட்டர்மார்க்கை எடுக்காமல் பெரிய படமாக அனுப்பினேன். சில நாள் கழித்து, “வீட்ல யாருக்கும் புடிக்கலைங்க, விட்டுருங்க, அட்வான்ஸை நீங்களே வெச்சுக்குங்க” என்று பெருந்தன்மையாக ஒரு செய்தி வந்தது.

அடுத்த மாதம் கடை திறந்தபோது, வாசலில் தொங்கிய பலகையில் இருந்தது என்னுடைய கிளைதான். யாரோ என் படத்தைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் வைத்து மேலேயே கோடு ஓட்டி எடுத்திருக்கிறார்கள். நான் வரைந்த கிளை தொடக்கம் முதல் நுனி வரை சீராகச் சிறுத்துக்கொண்டே போகும். பலகையில் இருந்த கிளையோ, ‘மாதிரி’ என்ற சொல்லின் ‘ரி’ குறுக்கிட்ட இடத்தில் திடீரென்று மெலிந்து, தாண்டியதும் மீண்டும் பருத்துவிடுகிறது. வாட்டர்மார்க்கை அழித்தவர் கிளையின் ஓரத்தையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் கோடு ஓட்டியிருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. போனில் கேட்டதற்கு, “அது ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போட்டதுங்க” என்று தொடங்கியவர், அதே அழைப்பிலேயே, “நீங்க போட்டதுக்குத்தான் மூவாயிரம் குடுத்தாச்சே” என்றும் முடித்தார். இந்த இரண்டில் எது உண்மையென்று அவரே முடிவுசெய்துகொள்ளட்டும்.

சிறு வணிகர்களுக்கான லோகோ வேலையில் நம்மில் பெரும்பாலோர் விலையைக் கோப்பின் மீதுதான் கட்டுகிறோம். யோசனைக் கட்டத்துக்குச் சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு, பெரும்பகுதிப் பணத்தைக் கோப்பு ஒப்படைக்கும் கடைசி நாளுக்குத் தள்ளிவைப்பதே நம் தொழிலில் வழக்கம். ஆனால் வாடிக்கையாளருக்குத் தேவையான பொருள், படத்தை அவர் கண்ணால் பார்த்த அந்த நொடியிலேயே கைமாறிவிடுகிறது. மீதியைச் சில நூறு ரூபாய்க்குக் கோடு ஓட்டித் தர ஆள் கிடைக்கும். செவ்வாய்பேட்டையில் கொலுசு வாங்குகிறவர் வெள்ளிக்கும் கூலிக்கும் மட்டுமல்லாமல், கண்ணில் படாத சேதாரத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். லோகோவில் ஒதுக்கப்பட்ட வரைவுகள் எல்லாம் சேதாரம்தான். அதற்கான பணத்தை நம்மில் யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் இலவசம் என்று வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பேசினால், அந்த இலவசம் சதுர அடிக் கணக்கில் அச்சுக்கூலியோடு வசூலாகிவிடுகிறது என்பதையும், நமக்கு அப்படி வசூலிக்கப் பலகை எதுவும் இல்லை என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, சம்பள ஊழியராக அல்லாமல் தனியாக வேலை செய்பவர் வரைந்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வரைந்தவரே முதல் உரிமையாளர். அதற்குப் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், ஓவியம் போன்ற சிலவற்றுக்கு அதே பிரிவில் விதிவிலக்கு இருப்பதால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு வாதாடக்கூடும். எனவே உரிமை யாருக்கு, எப்போது போகும் என்பதை விலைப் பட்டியலிலேயே எழுதிவிடுவது நல்லது. உரிமையை மாற்றித் தருவதென்றால் 19ஆம் பிரிவின்படி அது எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும்.

இதைவிட எனக்கு வலுவாகத் தோன்றியது டிரேட்மார்க் (வணிகக் குறி) விஷயம். ஓர் ஊரின் பெயரை மட்டும் சொல்லும் குறிக்குப் பதிவு கிடைப்பது கடினம் என்பதால், ‘ஏற்காடு’ என்று பெயரில் வைத்துக்கொள்ளும் எந்தக் காப்பிக் கடைக்கும் படமாக வரைந்த லோகோதான் உண்மையான சொத்து. 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்தில், பதிப்புரிமைச் சட்டத்தால் தடுக்கக்கூடிய குறியைப் பதிவு செய்யக் கூடாது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பம் அரசின் டிரேட்மார்க் இதழில் வெளியான நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் நாம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவர் விண்ணப்பிக்கும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.

நிலுவைப் பணத்துக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மனு செய்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை எடுத்து வைத்திருங்கள். வேலை முடிந்த பிறகு எடுத்த பதிவைக் காட்டினால் சிக்கல் வரும். அரசு இணையதளத்தில் அந்தப் பதிவு முற்றிலும் இலவசம், இடையில் காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

இப்போது அதே 12,000 ரூபாயை வேறு விதமாகப் பிரித்து வாங்குகிறேன். பென்சிலைத் தொடும் முன் யோசனைக் கட்டத்துக்கு 6,000, ஒரு யோசனையைத் தேர்ந்தெடுத்ததும் 4,000, கோப்புகளுக்கு 2,000. முழுத் தொகையும் வந்த பிறகே கையெழுத்திட்ட தாளில் உரிமை மாறும். பெரியவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் மடிக்கணினியோடு நானே வீட்டுக்குப் போகிறேன். ஏற்காட்டு மலை மேலே என்றாலும் பெட்ரோல் செலவு 9,000 ரூபாயைவிடக் குறைவுதான். பவுச்சை லோகோவோடு சேர்த்து ஒரே விலையாக ஒருபோதும் பேசுவதில்லை. நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண், சிக்கரி கலந்திருந்தால் அதன் சதவீதம் என்று அதில் வர வேண்டியவை வேறு. தவறினால் அச்சடித்த பவுச்சு மொத்தமும் வீணாகும் என்பதால் பொறுப்பும் வேறு.

அந்தக் கடைக்காரர் இப்போது பவுச்சுக்கு ஆள் தேடுகிறார். அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் என் நண்பருக்கு, அப்பாவைப் பற்றிய அதே வாசகத்தோடு செய்தி போயிருக்கிறது. உங்களுக்கும் வந்தால், அவர் அனுப்பும் லோகோவைப் பெரிதாக்கி, கிளையின் நடுவில் மெலிந்த இடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்தக் கோப்பையும் வந்த தேதியையும் அழிக்காமல் எனக்கு அனுப்பி வையுங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.