உழுத கொல்லையா, வட்டப் பட்டியா, நீள வாரா? இளங்குதிரையைப் பழக்கும் மூன்று வழிகள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை பிடித்து வந்தால், அது வண்டியை விட்டு இறங்குவதற்குள் பாதி ஊர் சுழி பார்த்துச் சொல்லிவிடும். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் குதிரை புதிதல்ல. ஓசூரை ஒட்டிய மத்திகிரிக் கால்நடைப் பண்ணையே 1824-இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியதுதான். ஆனால் இளங்குதிரை மேல் முதல்முறை எப்படி ஏறுவது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ராயக்கோட்டைப் பக்கம் நான் பார்த்தவை மூன்று. மூன்றையும் ஒரே குதிரையிடம் முயன்று பார்த்த புத்திசாலி நான்.

முதலாவது, உழுத கொல்லை. குதிரையை ஆழ உழுத நிலத்தில் இறக்கி, கயிற்றில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, நுரை தள்ளியதும் ஒல்லியான பையனாகப் பார்த்து ஏற்றிவிடுவார்கள். கால் புதைவதால் துள்ள முடியாது, விழுந்தாலும் பெரிய அடி படாது, 15 நாளில் சவாரி. செலவும் இல்லை. ஆனால் களைத்துப்போய் நிற்பதும் பழகி நிற்பதும் ஒன்றல்ல. தினமும் ஓடினால் குதிரைக்கு மூச்சுதான் கூடும். முதல் வாரம் 20 நிமிடத்தில் நின்றது, மூன்றாம் வாரம் ஒரு மணி நேரம் ஓடியது. பழக்குகிறேன் என்று பந்தயக் குதிரை தயார் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது, வட்டப் பட்டி. பெங்களூரு லாயங்களிலிருந்தும் வீடியோக்களிலிருந்தும் வந்தது. 50 அடி குறுக்களவில் கழி நட்டு அடைத்து, உள்ளே குதிரையை அவிழ்த்துவிட்டுச் சுற்ற வைக்கிறோம். ஒரு காது நம் பக்கம் திரும்பும், வாயை மெல்லும், தலை தாழும். அந்த நொடியில் நாம் நெருக்குவதை விட்டுத் திரும்பி நின்றால், மெல்ல வந்து தோளருகே நிற்கும். முதல்முறை எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: அழுத்தும்போது அல்ல, அழுத்தத்தை விடும் நொடியில்தான் குதிரை கற்கிறது. ஆனால் பட்டிக்கு வெளியே மாந்தோப்புப் பாதையில் ஒரு பைக் சீறியதும் என் குதிரைக்கு அந்தப் பாசமெல்லாம் மறந்துபோயிற்று. தவிர, சின்ன வட்டத்தில் ஓயாமல் ஓடுவது இளம் மூட்டுகளுக்கு நல்லதல்ல. இந்தக் குறை முதல் வழிக்கும் உண்டு.

மூன்றாவது, நீள வார். அதைச் சொன்னவர் லாடம் அடிக்க வந்த பாய். முன்பு ஜட்கா ஓட்டியவர்.

“இதுக்கு என்ன தெரியும் தம்பி?”

“கூப்பிட்டா பின்னாடியே வருது பாய்.”

“வர்றது இருக்கட்டும். நிக்குமா?”

நிற்காது. பாய் தலைக்கயிற்றின் இரு பக்கமும் 25 அடிக் கயிறு கட்டி, வயிற்றுப் பட்டை வளையங்கள் வழியே பின்னுக்கு இழுத்து, தான் பின்னால் நடந்தார். நட, நில், இடம், வலம், பின்னே போ. முதுகில் ஆளே இல்லாமல் சவாரிப் பாடம் முழுவதும் அங்கேயே நடந்துவிடுகிறது. மூன்று வாரம் ஊர்ப் பாதையில் நடத்தினோம். பஸ் ஹாரன், ஆட்டு மந்தை, காற்றில் படபடக்கும் பிளெக்ஸ் எல்லாம் பழகியது. அப்புறம் பழைய டயரைக் கட்டி இழுக்க வைத்தோம்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது. உதை எட்டாத தூரத்தில், சற்று ஒதுங்கி நடக்க வேண்டும். நான் ஒருநாள் கயிற்றைத் தளரவிட்டதில் அது காலில் சுற்றி, குதிரை மிரண்டு, பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் நாலு பாத்தி நாசம். கையுறையும் போடவில்லை, உள்ளங்கைத் தோல் உரிந்தது. தனியாகப் பழக்குகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். அவர்கள் வட்டப் பட்டியில், ஓட்டத்தைக் குறைத்து, நிற்க மட்டும் கற்றுக்கொடுக்கலாம்.

எந்த வழியானாலும் அவசரம் கூடாது. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இறுகி மூடவே ஏறக்குறைய இரண்டரை வயதாகும். முதுகெலும்புக்கு 5 வயதும் தாண்டும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று குதிரையைக் கேலி செய்கிறோம். இரண்டரை வயதில் முன்பற்கள் விழுந்து முளைக்கும்போது ஈறு நோகும் என்பதை யோசிப்பதில்லை. கடிவாளம் போடுமுன் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டிவிடுவது நல்லது. பாரமும் குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்: 350 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு 70 கிலோ. அந்தக் கணக்கில் எனக்கே முதல் சவாரி கிடைக்கவில்லை.

பாயின் அக்கா மகன்தான் ஏறினான். இரண்டு நாள் வயிற்றைக் குறுக்கே போட்டுப் படுத்துப் பழக்கி, மூன்றாம் நாள் காலைத் தூக்கிப் போட்டான். தலையருகே நான். ஐந்தடி நடந்து, “நில்” என்றதும் நின்றது. அவ்வளவுதான், உடனே இறங்கச் சொல்லிவிட்டார் பாய். இப்போது ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. இடப்பக்கம் கற்றதை வலப்பக்கமும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. வலப்பக்கம் அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) தொட்டால் இன்னும் சிலிர்க்கிறது.