நாலு வருஷச் சந்தாவும் கோடு போட்ட பெயர்களும்

ஸ்வீடன் சர்ச் பதிவேடுகளைக் காட்டும் தளத்துக்குச் சந்தா கட்டலாமா என்று மின்னசோட்டாவில் இருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள். என் கணவரின், ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா வந்த கொள்ளுத்தாத்தாவைத் தேடி நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டாளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து 16 வயதில் தனியாகக் கப்பலில் ஒளிந்து வந்தார், நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதிக்கும் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார். மாமியார் சொல்லும் கதை இது. அவர் வந்தது 1882இல், எல்லிஸ் தீவு திறந்ததோ 1892இல். ஒளிந்தும் வரவில்லை. ஸ்வீடன் துறைமுகமான கோத்தன்பர்க்கில் காவல்துறை வைத்திருந்த பயணிகள் பட்டியலில் கடைசியாகக் குடியிருந்த ஊர், வயது, போகும் இடம் எல்லாம் இருக்கிறது, பக்கத்து வரியில் அக்காவும் இருக்கிறாள். பெயரை மாற்றியதும் அவரேதான். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டாட்டர் என்று நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரை வைத்துக்கொண்டிருந்தவர்கள், அமெரிக்காவில் ஒரே ஊரில் அத்தனை ஆண்டர்சன்கள் இருந்தால் வேறென்ன செய்வார்கள்?

எனக்கு ஆத்திரம் வருவது அந்தத் தளத்தின் 'பரிந்துரை'களால். அதே பெயர், அதே பிறந்த வருஷம், ஆனால் வேறு ஊர்க்காரர் ஒருவரை எங்கள் தாத்தா என்று காட்டுகிறது. தவறு என்று மூன்று முறை எழுதிவிட்டேன், இன்னும் அப்படியே இருக்கிறது, அதை நம்பி 17 பேர் தங்கள் குடும்ப மரத்தில் சேர்த்துக்கொண்டும் விட்டார்கள். பிறந்த ஊர் தெரியாமல் ஸ்வீடனில் தேடுவது வீண். எங்களுக்கு அது கிடைத்தது இங்கிருக்கும் லுத்தரன் சபையின் பழைய உறுப்பினர் பதிவேட்டில்தான், தளத்தில் இல்லை.

ஆனாலும் தளத்தில் இருக்கும் அந்தப் பதிவேட்டின் வண்ணப் படங்கள்! பாதிரியார் வீட்டுக்கு வீடு யார் யார் இருக்கிறார்கள், வேதம் எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்று எழுதி வைத்த புத்தகம் அது. ஊரை விட்டுப் போனவர் பெயர்மேல் ஒரு கோடு, ஓரத்தில் தேதியும் 'வட அமெரிக்கா'வும். எங்கள் பக்கத்தில் ஆறு பிள்ளைகள், அதில் ஐந்து பெயர்மேல் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் மையின் நிறம் வேறு. அம்மா பெயர் மட்டும் மேலே கோடில்லாமல் நிற்கிறது. அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மாமியாரும் திரையில் அந்த அம்மாவின் பெயரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சரி, தோழிக்கு என் பதில்: கட்டாதே. ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகம் 2018 முதல் தன் டிஜிட்டல் படங்களை இலவசமாகவே தருகிறது. நிறைய கறுப்பு வெள்ளைதான், ஆனால் போதும்.

நான் போன வாரம் புதுப்பித்துவிட்டேன். 1890களின் புத்தகத்தில் அந்த அம்மாவோடு யார் இருந்தார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை.