கனகாம்பரமும் முகமும் ஒரே சாம்பல்: நான்கு வருடம் கழித்து

கல்லூரி நண்பன் போன வாரம் கேட்டான்: "நீ தெருப் படங்களைக் கறுப்பு வெள்ளை ஆக்குற சாஃப்ட்வேர் பாதி விலைக்கு வந்திருக்குடா, வாங்கலாமா?" வேறொரு நாளில் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். அதற்கு முந்தைய நாள்தான் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூ விற்கும் அக்காவிடம் அவருடைய படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அக்கா படத்தை வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் எப்ப இவ்வளவு வெளுத்தேன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் நல்ல கறுப்பு. படத்தில் இருந்தவர் யாரோ.

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து பார்த்தேன். நிறங்களின் சாம்பலைத் தானாகவே முடிவு செய்யும் ஆட்டோ பொத்தான் ஆரஞ்சு ஸ்லைடரை மேலே ஏற்றி வைத்திருந்தது. நானும் அதை அப்படியே விட்டிருக்கிறேன். இந்த நான்கு வருடமும் என் மாறாத எரிச்சல் இந்த ஆரஞ்சு ஸ்லைடர்தான்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று தொடங்கி மெஜந்தா வரை எட்டு ஸ்லைடர்கள். எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வர வேண்டும் என்று அவற்றில் சொல்லிவிடலாம். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் மாட்டிச் செய்த வேலை இது. 25-ஆம் எண் சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல வானம் இருளும், முகம் வெளுக்கும், கூடவே 3 ஸ்டாப் வெளிச்சமும் போகும், அதாவது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஸ்லைடரில் அந்த நஷ்டம் இல்லை, படம் எடுத்த பிறகும் மாற்றலாம். அது பெரிய வசதி, மறுக்கவில்லை.

ஆனால் மனிதத் தோல் மாநிறமோ கறுப்போ, நிறவட்டத்தில் ஆரஞ்சுப் பக்கம்தான் விழுகிறது. பூசாத செங்கல் சுவர், மண்பானை, கனகாம்பரம் எல்லாமும் அங்கேதான். அக்காவின் கூடையில் பாதி மல்லி, பாதி கனகாம்பரம். ஆரஞ்சை ஏற்றினால் பூவும் முகமும் சேர்ந்து வெளுக்கின்றன. இறக்கினால் இரண்டும் சேர்ந்து இருளுகின்றன. கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசமாகத் தெரிந்த கனகாம்பரமும் கன்னமும் திரையில் ஒரே சாம்பல். பழைய சோடியம் விளக்கு எரியும் சந்துகளில் இன்னும் மோசம்: அங்கே வெளிச்சமே ஒரே நிறம், பிரிப்பதற்கு எதுவும் இல்லை.

நீல ஸ்லைடரைப் புகழ்ந்து தள்ளுவார்கள். சென்னையின் மதிய வானம் பெரும்பாலும் வெளிறிப்போய் இருக்கும், எதை இருட்டாக்குவது? மழை கழுவிவிட்ட நவம்பர் வானத்தில் வேலை செய்கிறது. அப்போதும் ரொம்ப இழுத்தால் கோபுர விளிம்பில் வெள்ளைக்கோடு விழும், வானத்தில் புள்ளிப் புள்ளியாக நாய்ஸ் கிளம்பும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரு வளைகோட்டை இழுத்து மாற்றும் டோன் கர்வ் அருமை. கீழ்முனையைக் கொஞ்சம் தூக்கினால் எண்ணெய் வைத்த தலைமுடி ஒரே கறுப்புக் கட்டியாகாமல் இழை இழையாகத் தெரிகிறது. ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்த கச்சா ஃபைலில், வெளுத்துப்போனதாக நான் நினைத்த வேட்டிகளின் மடிப்பையெல்லாம் ஹைலைட் ஸ்லைடர் மீட்டுத் தந்திருக்கிறது. ஆட்களை மட்டும் தானே தேர்ந்தெடுத்து, அந்த இடத்தை மட்டும் திருத்த விடும் மாஸ்க் எனக்கு எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியது. சுவரொட்டியில் சிரிக்கும் வேட்பாளரையும் ஆள் என்று சேர்த்துக்கொள்ளும், அவரை மட்டும் கழித்துவிட வேண்டும்.

அக்காவின் படத்தை அந்த மாஸ்க்கால்தான் சரிசெய்தேன். முதலில் ஆட்டோவை அணைத்து எல்லா ஸ்லைடரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் சிவப்பை 20, ஆரஞ்சை 12 கீழே இறக்கினேன். சிவப்பை உணராத பழைய ஆர்த்தோ ஃபிலிமில் இப்படித்தான் தோல் இருண்டு, வியர்வையும் சுருக்கமும் துலங்கி வரும். கூடையை மட்டும் தனி மாஸ்க்கில் பிடித்துத் தூக்கினேன். முகத்தைத் தொட்டபோது கையையும் கழுத்தையும் சேர்த்துக்கொண்டேன். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஆகிவிட்டால் அதைவிடக் கேவலம் இல்லை.

முகத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கு எனக்குத் துணை, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறை: முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை படிப்படியாக எண் போட்டுப் பிரிப்பது. அதில் வெயில் படும் வெள்ளையர் தோலுக்கு ஆறாவது ஸோன். கறுத்த தோலுக்கு ஐந்து, அதாவது நடுச்சாம்பல். ஒரு ஸோன் என்பது ஒரு ஸ்டாப், இரண்டு மடங்கு வெளிச்சம். ஆட்டோ பொத்தான் அக்காவை ஆறுக்கும் மேலே கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது. நான் ஐந்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். மூக்குத்தி அப்போதுதான் மின்னியது. வெளுத்த முகத்தில் அது இருந்ததே தெரியவில்லை.

என் கோபம் இதுதான். எங்கள் தெருவில் பத்துக்கு எட்டுப் பேர் மாநிறமோ கறுப்போதான். அவர்களை ஒரு பொத்தான் கேட்காமல் வெளுக்க வைக்கிறது, அதுதான் அழகு என்பதுபோல. நான்கு வருடமாக ஒவ்வொரு அப்டேட்டிலும் இது மாறும் என்று பார்க்கிறேன். புதுப் புது ப்ரீசெட்டுகள், அதாவது தயார் செட்டிங்குகள்தான் வருகின்றன.

நண்பனுக்கு வாங்காதே என்று சொல்லிவிட்டேன். கர்வ், மாஸ்க், ஹைலைட் என்று மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா என்று கேட்டால், இன்றைக்கு எனக்கு இதுதான் நியாயம். என் சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஆறாயிரம் படங்களின் திருத்தங்கள் அதற்குள் இருக்கின்றன. அதை எப்படி வெளியே எடுப்பது என்பது வேறு கவலை.

இரண்டாவது பிரிண்டை நேற்றுக் கொடுத்தேன். அக்கா வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை. மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பூக்கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.