முழங்காலுக்குப் பயந்து நாரியைக் கொடுத்தேன்: அரைக் குந்தும் முழுக் குந்தும்

தோளில் வைத்துக் குந்தி எழும்பும் இரும்புப் பாரில் 110 கிலோ. இரண்டு ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கூட்டி அந்த எடைக்கு வந்திருந்தேன். ஆறாவது தடவை பாதிவரை இறங்கி எழும்போது முதுகின் அடியில், நாங்கள் நாரி என்று சொல்லும் இடத்தில், கயிற்றை இழுத்து முடிந்ததுபோல ஒரு பிடிப்பு. பாரை ரேக்கில் வைத்துவிட்டேன், நிமிரத்தான் முடியவில்லை. அடுத்த மூன்று கிழமை சப்பாத்து நாடாவை என் மகன்தான் கட்டிவிட்டான். கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாண நகருக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது வீதியின் ஒவ்வொரு பள்ளத்தையும் என் முள்ளந்தண்டு எண்ணிக்கொண்டிருந்தது.

எனக்கு விளங்காத விடயம் ஒன்று இருந்தது. நான் ஒருநாளும் ஆழமாக இறங்கியவன் இல்லை. முதல் நாளே பயிற்றுநர் சொன்னார்: “அண்ணை, இதற்குக் கீழே இறங்க வேண்டாம், முழங்கால் சவ்வு போய்விடும்.” அந்த எல்லையை ஒரு தடவைகூட மீறவில்லை. பிறகு எப்படி?

நோவுக்காக நான் போய்ப் பார்த்த இயன்மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கீழே குந்தியிருந்து காட்டுங்கள்” என்றார். பாரம் எதுவும் இல்லாமல், வெறும் உடம்போடு. இறங்கினேன். தொடை கிடையாக வருமுன்பே குதிக்கால் இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பின. இன்னும் கொஞ்சம் இறங்க முயன்றபோது பின்பக்கமாகச் சரிந்து கையை ஊன்றினேன். இரண்டு ஆண்டுகள் குந்திப் பயிற்சி செய்த எனக்குக் குந்தியிருக்க வரவில்லை.

அன்றிலிருந்து முழுக் குந்துக்கு மாறி இப்போது பதினொரு மாதம். இரண்டையும் என் உடம்பிலேயே பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பக்கம் எது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அரைக் குந்து என்பது தொடை நிலத்துக்குக் கிடையாக வருமுன்பே நின்று எழுவது. முழுக் குந்து என்பது இடுப்பின் மடிப்பு முழங்காலின் மேற்பரப்பைவிடக் கீழே போவது. ஜிம்மில் ஸ்குவாட் என்பார்கள். எங்கள் வீடுகளில் குந்து என்ற சொல் எப்போதும் இருந்தது, ஆகவே அதையே வைத்துக்கொள்கிறேன்.

பொதுவான விடயங்களை நீட்டத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே பார், ஒரே ரேக். தோளகலத்தில் கால், விரல்கள் சற்று வெளிநோக்கி, முழங்கால் அந்த விரல்கள் காட்டும் திசையில், இறங்குமுன் மூச்சை வயிற்றில் நிறைத்து இறுக்குவது: இவை எந்த ஆழத்துக்கும் ஒன்றுதான். தசை வளர்ச்சியில் வித்தியாசம் உண்டு. ஜப்பானில் 10 கிழமைகள் செய்த ஒரு பயிற்சி ஆய்வு 2019இல் வெளியானது. முன்தொடைத் தசை இரண்டு முறையிலும் ஏறத்தாழ ஒரே அளவு வளர்ந்தது. புட்டத் தசையும் உட்தொடைத் தசையும் முழுக் குந்தில் கூடுதலாக வளர்ந்தன. படியேறவும் நிலத்தில் இருந்து எழும்பவும் புட்டத் தசை எவ்வளவு வேண்டும் என்பதை 40 வயதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி முழங்கால் பயத்துக்கு வருவோம். அதற்கு ஓர் ஊற்று இருக்கிறது. 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன், ஆழக் குந்து முழங்காலின் இணையங்களை, அதாவது என்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் நார்களை, தளர்த்துகிறது என்று எழுதினார். அது அமெரிக்காவெங்கும் பரவி, பிறகு உலகமெங்கும் பயிற்றுநர்களின் வாய்ப்பாடாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தபோது அந்தத் தளர்ச்சி தென்படவில்லை. முழங்காலின் நடுவில் இருக்கும் முன்சிலுவை இணையத்தின் மேல் வரும் இழுவிசை குந்தின் அடியில் கூடுவதில்லை. கால் ஏறத்தாழ நேராக இருக்கும் தொடக்கப் பாகையிலேயே அது கூடுதல். முழங்காற்சிரட்டையின் பின்புறம் விழும் அழுத்தம் ஏறத்தாழ 90 பாகை மடிப்பில் உச்சத்துக்கு வருகிறது. அதற்குக் கீழே பின்தொடையும் கெண்டைக்காலும் ஒன்றோடொன்று முட்டிப் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. அதாவது பாரமான பாரோடு நான் ஒவ்வொரு தடவையும் நின்று திரும்பிய இடம், பாதுகாப்பானது என்று எனக்குக் காட்டப்பட்ட இடம், அந்த உச்சத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

இதை வைத்து ஆழக் குந்தினால் முழங்காலுக்குக் கேடே இல்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். இளமையில் நாளுக்கு மணிக்கணக்காகக் குந்தியிருந்த பெய்ஜிங் முதியவர்களிடம் முழங்கால் மூட்டுத் தேய்வு கூடுதலாக இருந்ததாக 2004இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மணிக்கணக்கில் குந்தியிருப்பது வேறு, கிழமைக்கு இரண்டு நாள் பதினைந்து இருபது தடவை இறங்கி எழும்புவது வேறு. இருந்தாலும் அந்த ஆய்வு என் மனதில் இருக்கிறது.

முழங்காலைப் பற்றி இன்னொரு கட்டளையும் உண்டு: முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது. 2003இல் ஃப்ரை என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். முழங்காலின் முன்னால் ஒரு பலகையை வைத்து, அது முன்னே போகாதபடி தடுத்துக் குந்தச் சொன்னார்கள். முழங்கால் மூட்டின் முறுக்கம், அதாவது மூட்டைச் சுழற்றப் பார்க்கும் விசையின் அளவு, சுமார் 150 நியூட்டன் மீட்டரில் இருந்து 117ஆகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் இடுப்பு மூட்டின் முறுக்கம் 28இல் இருந்து 302ஆக ஏறியது. முழங்கால் முன்னே போக முடியாதபோது புட்டம் பின்னே போகிறது, புட்டம் பின்னே போனால் சமநிலைக்காக நெஞ்சு முன்னே சாய்கிறது, சாய்ந்த முதுகின் முழு நீளமும் பாரைத் தூக்கும் நெம்புகோலாகிவிடுகிறது.

முழங்காலில் இருந்து எடுத்த பாரம் எங்கும் மறைந்து போவதில்லை, நாரிக்கு இறங்குகிறது. என் முடிவு முழுவதும் இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது.

அரைக் குந்தும் இதையே செய்கிறது, ஆனால் வேறு வழியில். பாதித் தூரம் மட்டும் இறங்குபவரால் முழுத் தூரம் இறங்குபவரைவிட மிகக் கூடிய எடையைத் தூக்க முடியும், ஏனென்றால் கடினமான பகுதி அடியில் இருக்கிறது, அங்கே அவர் போவதே இல்லை. நான் அரையில் 110 கிலோ தூக்கினேன். முழுவதும் இறங்கத் தொடங்கி ஐந்து மாதம் கழித்தும் என்னால் முடிந்தது 60தான். என் கால்களுக்கு இரண்டும் ஒரே அளவு களைப்புத் தந்தன. என் முள்ளந்தண்டுக்கு அப்படியில்லை. பாதி இறங்கினாலும் முழுவதும் இறங்கினாலும் தோளில் இருக்கும் எடையை அது முழுவதுமாகத்தான் சுமக்கிறது. அதற்கு அரைவிலை கிடையாது.

எவ்வளவு சுமக்கிறது? 1985இல் இத்தாலியரான கப்போட்சோவும் அவரது குழுவினரும் அரைக் குந்தின்போது நாரியின் 3ஆம், 4ஆம் முள்ளந்தண்டென்புகளுக்கு இடையே விழும் அழுத்தத்தைக் கணித்தார்கள். தோளில் வைத்த எடை உடல் எடையின் 0.8 மடங்கில் இருந்து 1.6 மடங்கு வரை. அழுத்தமோ உடல் எடையின் 6 மடங்கில் இருந்து 10 மடங்கு வரை. என் எடை 72 கிலோ. எனக்கு 60 கிலோ என்பது 0.8க்குப் பக்கம், 110 கிலோ என்பது 1.5க்கு மேல். அந்தக் கணக்கை என் உடம்பில் வைத்துப் பார்த்தால் ஒரு முனை 430 கிலோ, மறுமுனை 700 கிலோவை எட்டிப் பிடிக்கிறது. ஒரு தடவைக்கு. கிழமைக்கு இரண்டு நாள், இரண்டு ஆண்டுகள். என் கால்களோ அந்தப் பாரத்துக்குரிய முழுத் தூரத்தை ஒருநாளும் உழைத்ததில்லை.

ஒரு நேர்மையான திருத்தம்: அந்த அளவீடு அரைக் குந்தில் எடுத்தது. ஆழமாக இறங்கும்போது நெஞ்சு கூடச் சாய்ந்தால் அதே 60 கிலோவும் நாரியில் கூடுதலாக விழும். சாய்வுதான் அழுத்தத்தை மிகக் கூட்டுகிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே ஆழம் தானாக நாரியைக் காப்பாற்றுவதில்லை. ஆழம் செய்வது ஒன்று: என்னால் அடியில் இருந்து தூக்க முடியாத எடையை ஏற்ற விடாது. தட்டுகளை ஆசைக்கு அடுக்க முடியாது. 2013இல் ஜெர்மனியின் ஹாகன் ஹார்ட்மனும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்: ஒழுங்காகக் கற்று ஆழமாக இறங்குவதைவிட, அளவுக்கு மீறிய எடையோடு பாதியில் நிற்பதே நாளடைவில் முழங்காலுக்கும் முள்ளந்தண்டுக்கும் தேய்வைத் தரக்கூடியது.

முழுக் குந்துக்கும் ஒரு குறை இருக்கிறது, அதுவும் நாரியில்தான். அடியை நெருங்கும்போது இடுப்பென்பு உள்நோக்கிச் சுருண்டு, நேராக இருந்த நாரி வளைந்துவிடும். கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் தொலைபேசியை நிறுத்திப் படம் பிடித்தால் ஒரு கணத்தில் தெரியும். எனக்குத் தொடை கிடையைத் தாண்டியதும் அது தொடங்கியது. இயன்மருத்துவர் காரணத்தை நாரியில் தேடவில்லை, கணுக்காலில் தேடினார். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலைச் சுவரில் இருந்து தள்ளி வைத்து, குதிக்கால் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். 10 சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால் போதும் என்றார். என் வலது கால் 6, இடது 4. கணுக்கால் மடியாதபோது உடம்பு அந்த மடிப்பை வேறெங்கோ தேடுகிறது. என் உடம்பு அதை நாரியில் எடுத்துக்கொண்டது.

அந்தக் கிழமை உரும்பிராயில் அம்மாவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 68 வயது. வெங்காயப் பாத்தியின் கரையில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். செம்மண்ணில் இரண்டு குதிக்காலும் அழுத்தமாகப் பதிந்திருந்தன. கணைக்கால் எவ்வளவோ முன்னே சாய்ந்து முழங்கால் விரலைத் தாண்டி நின்றது. எழும்பாமலே, ஒரு காலை முன்னே நகர்த்தி, பிறகு மற்றக் காலை நகர்த்தி, பாத்தியின் நீளத்துக்குப் போனார். எவரும் அவருக்கு விரலைத் தாண்டாதே என்று சொன்னதில்லை. அவருடைய முதுகு வளைந்துதான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் தோளில் பார் இல்லை. நான் எடுத்துக்கொண்டது அவரது கணுக்காலை.

மாறிய விதம் இதுதான். முதல் இரண்டு கிழமை தோப்புக்கரணம் மட்டும், நாளுக்கு 12, குதிக்காலின் கீழே இரண்டு சென்டிமீட்டர் தடிப்பான பலகை வைத்து. சிறுவயதில் பிள்ளையார் முன்னால் மூன்று போட்டுவிட்டு ஓடியவன். அது எவ்வளவு நல்ல குந்து என்று இந்த வயதில்தான் தெரிந்தது. பிறகு 12 கிலோ டம்பெல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. எடை முன்னால் இருப்பதால் உடம்பு பின்னே விழாது, நெஞ்சும் தானாக நிமிர்ந்து நிற்கும். ஆழம் பழக இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. 24 கிலோவை அப்படிப் பத்துத் தடவை தூக்க வந்த பிறகுதான் வெறும் பாரை முதுகில் வைத்தேன். நாரி வளையத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே என் எல்லையை வைத்தேன். மாதத்துக்கு மாதம் அந்த எல்லை தானாகக் கீழே போனது.

அரைக் குந்துக்கும் இடமுண்டு. ஆவரங்கால், புத்தூர்ப் பக்கத்தில் கரப்பந்தாட்டம் ஆடும் இளைஞர்கள் துள்ளும்போது அடிவரை இறங்குவதில்லை. கால்வாசி இறங்கித்தான் எழும்புகிறார்கள். துள்ளலும் ஓட்டமும் கூடுவதற்குக் கால்வாசிக் குந்து கூடுதலாக உதவியதாக 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பார்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால், முழுக் குந்தோடு சேர்த்து அவர்கள் அதையும் செய்யட்டும். முழங்கால் ஏற்கெனவே வீங்குகிறவர், சவ்வுக்குச் சத்திர சிகிச்சை செய்தவர் ஆகியோருக்கு எவ்வளவு ஆழம் என்பதை அவர்களைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும். என் பதினொரு மாதம் அவர்களுக்குப் போதாது. 100 கிலோவுக்கு மேல் முழுக் குந்து எப்படி இருக்கும் என்பதும் என் அனுபவத்துக்கு வெளியே. நீண்ட தொடையென்பு உள்ளவர்கள் என்னைவிடக் கூடச் சாய வேண்டியிருக்கும், அவர்களுக்கு முதுகில் பாரை வைப்பதைவிட நெஞ்சில் எடையைப் பிடிப்பதே பொருந்தலாம்.

இப்போது என் பார் 75 கிலோ. ஐந்து தடவை, மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். நாரி பிடிக்கவில்லை. சுவருக்கு முன்னால் வலது கால் 9 சென்டிமீட்டர் வந்துவிட்டது, இடது இன்னும் 7இல் நிற்கிறது. இடதும் 9ஐத் தொட்ட அன்று குதிக்காலின் கீழுள்ள பலகையை எடுத்துவிடுவேன்.