வெர்சாவுக்கு இழுவையைத் திருப்பித் தந்த கணபதி பட்டறை

மாருதி வெர்சா வேனை வைத்திருப்பவர்கள் அதை எளிதில் விற்க மாட்டார்கள். அமிதாப் பச்சனும் அபிஷேக்கும் விளம்பரத்தில் வந்தும் விற்பனையில் எடுபடாமல் போன வண்டிதான். ஆனால் எஸ்டீம் காரில் ஓடிய அதே 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு என்ஜின் இதன் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஆம்னியின் மூன்று சிலிண்டரை ஓட்டிப் பழகியவருக்கு முதல் மேட்டிலேயே வித்தியாசம் புரிந்துவிடும்.

என் வண்டி இரட்டை ஏ.சி. உள்ள டிஎக்ஸ் 2. குடும்பத்தோடு கோத்தகிரி ஏறும்போது ஏ.சி.யை அணைத்தால்தான் இரண்டாவது கியரிலாவது நகரும் என்ற நிலைக்கு வந்திருந்தது. கொஞ்சம் சக்தி கூட்ட வேண்டும் என்று விசாரித்தபோது பலரும் சொன்னது சைலன்சரை மாற்றுங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள் என்பதுதான். கோவை கணபதியில் இருக்கும் இந்தச் சிறிய பட்டறையின் மூத்த மெக்கானிக் மட்டும் இரண்டுக்கும் மறுத்துவிட்டார். பந்தயக் கார்களுக்கு ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பகுதி) வேலை செய்து தேர்ந்த கை அவருடையது. "திறந்த சைலன்சர் போட்டால் சத்தம் முழுக்க உங்கள் இருக்கைக்குக் கீழே வரும். மேட்டுக்கு வேண்டிய, என்ஜின் மெதுவாகச் சுழலும்போது கிடைக்கும் இழுவையும் குறைந்துவிடும். முதலில் இருப்பதை அளந்து பார்ப்போம்" என்றார்.

அளந்து பார்த்த விதத்துக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கலாம். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) மீட்டரை வைத்தார். மூன்று சிலிண்டர்கள் 170 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நின்றன. ஒன்று மட்டும் 135. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், முள் ஏறவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும். உயரவில்லை என்றால் கசிவு வால்விலோ, ஹெட்டுக்கு அடியில் வரும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டிலோதான். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் செலவு அங்கேயே மிச்சமானது.

ஹெட்டைக் கழற்றியதும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் சீட்டில் கரும்புள்ளிகளாக அரிப்பு தெரிந்தது. சீட்டை வெட்டி, வால்வைத் தேய்த்துப் பொருத்தியபின், வால்வுக்குப் போகும் துளையான போர்ட்டுக்குள் பெட்ரோலை ஊற்றி வைத்தார். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது வால்வின் ஓரத்தில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. ஹெட்டின் அடிப்பரப்பை மிக லேசாகச் சீவி ஃபேசிங் செய்தார். அது சமதளமானதோடு கம்ப்ரஷனும் சற்றே கூடும். காற்று உள்ளே வரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருமிடத்தில் துருத்திக்கொண்டிருந்த விளிம்பை மட்டும் தேய்த்துச் சமன் செய்தார். போர்ட்டைப் பெரிதாக்கவில்லை. பெரிதாக்கினால் என்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான் பலன். ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் வேனுக்கு அது உதவாது. த்ராட்டிலையும் இன்ஜெக்டர்களையும் சுத்தம் செய்து, புது டைமிங் பெல்ட் போட்டு, வால்வு இடைவெளியைச் சரிசெய்து முடித்தார்.

இப்போது அதே கோத்தகிரிப் பாதையில், வண்டி நிறைய ஆட்களோடு, ஏ.சி. ஓட, கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் மூன்றாவது கியருக்குப் போக முடிகிறது. கம்ப்ரஷன் கூடியும் சாதாரண பெட்ரோலிலேயே ஓட்டுகிறேன், என்ஜினில் தட்டும் சத்தம் இல்லை. புதிய வெர்சாவின் 82 குதிரைத்திறனை இது தாண்டியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். வயதில் தொலைத்ததைப் பெரும்பாலும் மீட்டுவிட்டது, அதுவே எனக்கு நிறைவு.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்கவில்லை. ஹெட் லேத் பட்டறையிலிருந்து திரும்புவதற்குள் வாரம் கடந்துவிட்டது. தொலைபேசியை எடுப்பதே அபூர்வம். 36,000 ரூபாய்க்குத் தந்த ரசீதில் கூலி தனி, உதிரிபாகம் தனி என்று பிரித்து எழுதவில்லை; கேட்டபிறகுதான் எழுதித் தந்தார்கள். இவ்வளவு சுத்தமாக வேலை செய்பவர்கள் கணக்கையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டறையில் வண்டியை வேலைக்கு விடுவதாக இருந்தால் ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட் இரண்டையும் கம்பெனிப் பொருளாக நீங்களே முன்கூட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மாருதியின் ஜிப்சி கிங்கிலும் இதே குடும்ப என்ஜின்தான் என்பதால், வெர்சா என்று கேட்டு இல்லை என்று சொல்லும் கடையில் பாக எண்ணைக் காட்டி ஜிப்சிக்கும் கேட்டுப் பாருங்கள்.