சிங்க்கா, அலுமினியமா: அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த அனோடு?

பழவேற்காட்டில் ஓடும் எங்கள் ஃபைபர் படகின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு மோட்டாருக்கு இந்த முறை சிங்க் (துத்தநாக) அனோடு வேண்டாமென்று அலுமினிய அனோடு மாட்டினேன். மோட்டார் அரிபடாமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டிதான் அனோடு. "அலுமினியத்தைக் காப்பாத்த அலுமினியமாண்ணே?" என்று மெக்கானிக் தம்பி சிரித்தார். கேள்வி நியாயமானதுதான்.

மோட்டாரின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும் பல்சக்கரக் கூடான கியர்கேஸ் அலுமினியம், புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டும் சேர்ந்து உப்புத் தண்ணீரில் நின்றால் அரிபடுவது அலுமினியம்தான். அதைவிடச் சீக்கிரம் கரையும் உலோகம் ஒன்றை மாட்டிவிட்டால் அது முந்திக்கொண்டு கரையும். இந்த அளவு எல்லாருக்கும் தெரியும். அலுமினிய அனோடு என்பது வெறும் அலுமினியம் இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாதது. அதில் சுமார் 5 விழுக்காடு சிங்க்கும் 0.02 விழுக்காடு அளவில் இண்டியம் என்ற உலோகமும் கலந்திருக்கும். அலுமினியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு தோலை மூடவிடாமல் வைப்பது அந்தத் துளி இண்டியம். பழைய பாத்திரத்தை உருக்கி வார்த்து மாட்டினால் ஒரு பயனும் இல்லை.

கடல் நீரில், ஒப்பிட்டு அளக்க உதவும் வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து அளந்தால் சிங்க் மைனஸ் 1.03 வோல்ட், அலுமினிய அனோடு மைனஸ் 1.10 வோல்ட் காட்டும். மைனஸ் அதிகமாக உள்ளதுதான் முந்திக் கரையும். கரைந்து தீரும்வரை கிலோவுக்கு சிங்க் தரும் காப்பு மின்சாரம் ஏறத்தாழ 780 ஆம்பியர் மணி, அலுமினியம் தருவது 2,500. அலுமினியம் எடை குறைவு என்பதால் இந்த வித்தியாசம் அப்படியே கைக்கு வராது. ஒரே அளவுக் கட்டியாக எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்கும், அவ்வளவுதான். இதற்காக மட்டும் நான் மாறியிருக்க மாட்டேன்.

என்னை மாற்றியது ஏரித் தண்ணீர். எங்கள் படகு நிற்பது ஏரியில், தொழில் முகத்துவாரத்துக்கு வெளியே கடலில். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் வந்து விழுந்தால் ஏரியில் உப்பு சட்டென்று இறங்கிவிடும். உப்பு குறைந்த தண்ணீரில் சிங்க்கின் மேல் வெளுத்த, கெட்டியான தோல் படிகிறது. அதன்பின் கடலுக்குக் கொண்டுபோனாலும் சுரண்டி எடுக்காதவரை அது மறுபடி சரியாக வேலை செய்யாது. பார்வைக்கோ கட்டி புதுசு மாதிரி இருக்கும். "தேயவே இல்ல, நல்ல சரக்கு" என்று நாமும் சந்தோஷப்படுவோம். அந்த நேரத்தில் புரொப்பல்லருக்குக் கீழே பெயின்ட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். கொப்புளம் தட்டுப்படும். நகத்தால் கீறினால் ஈரமாக வெள்ளை மாவு வரும். கியர்கேஸ் பூக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அனோடு தேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அலுமினிய அனோடு உப்புத் தண்ணீர், கலப்புத் தண்ணீர் இரண்டிலும் இப்படித் தேய்கிறது. சுரண்டும் வேலை எனக்கு இல்லை.

சிங்க்கை ஒரேயடியாகத் தள்ளவில்லை. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். கன்னியாகுமரிப் பக்கம் போல நேரே கடலில் இறங்கி ஓடும் படகுக்கு அது தாராளமாகப் போதும். உள்ளூரில் வார்த்த கட்டி என்றால்தான் எனக்குத் தயக்கம். சிங்க்கில் இரும்பு கலந்தால் கடலிலேயே தோல் கட்டிவிடும். அமெரிக்கக் கடற்படைத் தரத்தில் இரும்புக்கு 0.005 விழுக்காடுதான் உச்சவரம்பு. பட்டறையில் அதை யார் அளக்கப்போகிறார்கள்?

மக்னீசியம் நன்னீருக்கு உரியது. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் தீர்ந்துபோவதோடு அளவுக்கு மீறி வேலை செய்து பெயின்ட்டையும் தூக்கிவிடும்.

நான் சொல்வதெல்லாம் சிறிய அவுட்போர்டுக்கு. பேட்டரி, கரை மின்சாரம் எல்லாம் உள்ள பெரிய படகுகளில் மின்கசிவும் சேர்ந்து அரிக்கும். அங்கே என் அனுபவம் செல்லாது.

எதை மாட்டினாலும் ஒரே மோட்டாரில் இரண்டு ரகத்தையும் கலக்காதீர்கள். அலுமினியக் கட்டி சிங்க் கட்டியைக் காப்பாற்றிக்கொண்டே கரையும். அனோடின் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொடும்படி முறுக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் அனோடு வேலை செய்யும். மோட்டாரைத் தூக்கிக் கட்டியபின் உள்ளே மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் பாதையில் காயும் உப்புக்கு எந்த அனோடும் பதில் இல்லை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுச் சில நிமிடம் ஓட்டிக் கழுவத்தான் வேண்டும்.