சீரக சம்பாவா, சீரகச் சம்பாவா: தேடல் சொல் எதை எடுப்பது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா பாரம்பரிய நெல் போடுகிறவர். கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, பூங்கார், கொஞ்சம் சீரக சம்பா. அரிசியாகவும் விற்கிறார், விதை நெல்லாகவும் கொடுக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வெப்சைட் போட்டார், அது கூகுளில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. எந்தச் சொற்களை வைத்து எழுதினால் ஆள் வருவார்கள் என்று நானும் அவரும் உட்கார்ந்து, ஒன்றுக்கு எதிரே ஒன்றை வைத்துப் பார்த்தோம். கடை வைத்திருப்பவர்களுக்கும் வலைப்பூ எழுதுகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடலாம். சைட்டைச் செய்து கொடுத்தவர், பக்கத்தின் உள்ளே, படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல், கீவேர்டுகளுக்கென்று, அதாவது தேடல் சொற்களுக்கென்று, இருக்கும் மெட்டா டேக்கில் நாற்பது சொற்களைக் கொட்டி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருந்தார். தேடல் வரிசைக்கு அந்த டேக்கைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. சொல் இருக்க வேண்டிய இடம் தலைப்பு, முதல் பத்தி, படத்தின் விளக்கம், அவ்வளவுதான்.

சரி, பெரிய சொல்லா, நீளமான சொல்லா? சித்தப்பாவுக்கு ‘ஆர்கானிக் ரைஸ்’ வேண்டும், அதைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள் என்றார். தேடுகிறார்கள்தான், ஆனால் முதல் பக்கம் முழுக்கப் பெரிய விற்பனைத் தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றைத் தாண்டி ஆறு பக்கமுள்ள ஒரு சைட் மேலே வருவது நடக்கிற காரியமில்லை. அதற்கு எதிரே நான் வைத்தது ‘கருப்பு கவுனி அரிசி எத்தனை மணி நேரம் ஊறணும்’. தேடுகிறவர்கள் குறைவு, ஆனால் பதில் சொல்கிறவர்களும் குறைவு.

“ஊறப் போடுறவங்க ஏற்கெனவே வாங்கிட்டவங்கடா, அவங்ககிட்ட நாம என்னத்த விக்கிறது?” என்றார் சித்தப்பா.

நியாயமான கேள்வி. “வாங்கினது தீர்ந்துபோகும்ல சித்தப்பா, ராத்திரியே ஊறப் போடணும்னு சொல்லிக் கொடுத்தவங்ககிட்டதான் அடுத்த கிலோ வாங்குவாங்க” என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ‘கருப்பு கவுனி அரிசி 5 கிலோ விலை’ என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கம் எழுதினோம். அதைத் தேடுகிறவர் பணத்தை எடுத்துக் கையில் வைத்திருப்பவர். சமைக்கத் தேடுகிறவரையும் வாங்கத் தேடுகிறவரையும் ஒரே பக்கத்தில் திணித்தால் இரண்டு பேருக்குமே பதில் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புலப்பட்டது. ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும் மூட்டையில் இருப்பதும் இலையில் விழுவதும் பெரும்பாலும் ‘ரைஸ்’தான். நமக்கு அப்படி இல்லை. விதை நெல் என்றால் தேடுகிறவர் விவசாயி. அரிசி என்றால் வீட்டுக்கு வாங்குகிறவர். கஞ்சி என்றால் வீட்டில் வயதானவரோ குழந்தையோ இருக்கலாம். அவல் என்றால் மாலைப் பலகாரம். ‘மாப்பிள்ளை சம்பா’ வரைக்கும் எல்லோருக்கும் பொது, அதற்கு அடுத்து வரும் ஒரு சொல்தான் ஆளையே மாற்றுகிறது. சித்தப்பாவின் பழைய பக்கத்தில் விதை நெல்லும் அரிசியும் ‘மாப்பிள்ளை சம்பா ரைஸ்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடந்தன. அதை இரண்டாகப் பிரித்ததுதான் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்புறம் எழுத்து. தமிழில் வைப்பதா, தமிழை ஆங்கில எழுத்தில் வைப்பதா? பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆர்டர் போடுகிறவர்கள் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் ‘மாப்பிள்ளை’யை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘பி’ ஒன்றா இரண்டா, ‘எல்’ ஒன்றா இரண்டா, கடைசி ‘ளை’யை ‘ஏ’ மட்டும் போட்டு முடிப்பதா, கூட ஒரு ‘ஐ’ சேர்ப்பதா? அதிலேயே எட்டு விதம் வந்துவிட்டது. கூகுள் இவற்றில் பலவற்றை ஒன்று என்று புரிந்துகொள்கிறது, எல்லாவற்றையும் அல்ல. எட்டையும் பக்கத்தில் அடுக்கலாமா என்றால் கூடாது, சொற்களை அப்படித் திணிப்பது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கே எதிரானது, படிக்கிறவருக்கும் எரிச்சல். அதனால் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில், பக்கத்தின் முகவரியில் மட்டும் அதிகம் புழங்கும் ஒரே ஒரு ஆங்கில எழுத்து வடிவம் என்று முடிவு செய்தோம். முகவரியையும் தமிழில் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல சமயம் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக உடைந்துவிடுகிறது, ‘நெல்’ என்ற சின்னச் சொல் மட்டுமே எல்லாம் சேர்த்து 36 எழுத்துகளாக நீள்கிறது. அப்படி ஒரு இணைப்பைப் பார்த்தால் கிராமத்தில் யாரும் பயந்து தொட மாட்டார்கள்.

தமிழிலேயே எழுதுவது என்று முடிவான பிறகும் வேலை தீரவில்லை. இலக்கணப்படி ‘சீரகச் சம்பா’. தட்டுகிறவர்களோ ‘சீரக சம்பா’ என்று ஒற்று இல்லாமல்தான் தட்டுகிறார்கள். நிறத்துக்குக் ‘கறுப்பு’ என்பதுதான் சரி என்பார்கள், அரிசிப் பையில் ‘கருப்பு’. அதே அரிசி சில இடத்தில் கவுனி, சில இடத்தில் கவுணி. ஒற்றை விட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை, ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் பெயரை மட்டும் மக்கள் எழுதுகிறபடி விட்டேன், ரகத்தின் பெயர் இப்போது ஒரு பெயர்ச்சொல்லாகவே உறைந்துவிட்டது. மற்ற வாக்கியங்களில் ஒரு ஒற்றைக்கூட விடவில்லை.

ஊர்ப் பெயர் எளிதாக முடிந்தது. சென்னையில் இருந்துகொண்டு அரிசி தேடுகிறவர் மன்னார்குடி என்று தட்ட மாட்டார். விதை நெல் தேடும் விவசாயி தட்டுவார், நேரில் வந்து மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்க்காமல் அவர் வாங்குவதில்லை. அதனால் விதைப் பக்கத்தில் மட்டும் ஊர். இதில் மாயவரமா மயிலாடுதுறையா, தஞ்சையா தஞ்சாவூரா என்ற சிக்கல் வேறு. வாயில் வருவது மாயவரம்தான் என்றாலும் தட்டச்சில் வருவது பெரும்பாலும் பஸ்ஸிலும் டிக்கெட்டிலும் எழுதியிருக்கிற பெயர், அதையே வைத்தோம்.

கருவிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தோம். கூகுளின் கீவேர்ட் பிளானர் விளம்பரம் கொடுப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது, ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று சொல்வது, விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்கு 100 முதல் 1,000 வரை என்பது மாதிரி அகலமான எண்ணைத்தான் காட்டும். பூங்கார் மாதிரி சின்ன ரகத்துக்கு அதில் பெரிதாக எதுவும் தேறவில்லை. கூகுள் டிரெண்ட்ஸ் காட்டுவது எத்தனை பேர் என்ற எண்ணே அல்ல, தேர்ந்தெடுத்த காலத்தில் உச்சமாக இருந்ததை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு அளந்து காட்டுகிறது. ஆனால் எந்த மாதம் எந்தச் சொல் ஏறுகிறது என்று பார்க்க அதைவிட நல்லது இல்லை. தேடல் பெட்டியில் பாதி தட்டிவிட்டுக் காத்திருந்தால் கீழே விரியும் பரிந்துரைகள் இலவசம், உடனடி. நம் பழைய தேடல்கள் அதில் கலந்துவிடும், அதனால் பழைய தேடல்கள் கலக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் தட்ட வேண்டும். சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல்தான் இவற்றில் உண்மையானது, எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் தோன்றியது, எதைக் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதக் கணக்கு இருக்கும். புது சைட்டுக்கு அது காலிப் பாத்திரம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது சித்தியின் நோட்டு. போனில் ஆர்டர் எடுப்பவர் சித்திதான். பெயர், ஊர், எத்தனை கிலோ, அதற்குக் கீழே பென்சிலில் அவர்கள் கேட்ட கேள்வி. ‘குக்கரில் எத்தனை விசில்’, ‘இட்லிக்கு ஆகுமா’, ‘வண்டு வருமா’, ‘பட்டை தீட்டினதா’. எந்தக் கருவியும் காட்டாத சொற்கள், அதுவும் கேட்டவர் வாயிலிருந்து வந்தபடியே.

அந்த நோட்டில் அதிகம் இருந்த கேள்வி சர்க்கரை பற்றியது. இங்கேதான் எங்கள் இருவருக்கும் உண்மையான வாக்குவாதம். ‘சர்க்கரை நோய் குணமாக அரிசி’ என்று தலைப்பு வைத்தால் ஆள் குவிவார்கள், மற்ற விற்பனையாளர்கள் வைக்கிறார்கள். நான் முடியாது என்றேன். கவுனியும் அரிசிதான், அதிலும் மாவுச்சத்து இருக்கிறது, யாரோ ஒருவர் அந்தத் தலைப்பை நம்பி மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் நம் வீட்டுக்கு வேண்டாம். ‘சர்க்கரை உள்ளவர்கள் கருப்பு கவுனி சாப்பிடலாமா’ என்று கேள்வியாகவே தலைப்பு வைத்து, அளவைக் குறைத்துச் சாப்பிடவும் மருத்துவரைக் கேட்கவும் எழுதினோம். சித்தப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே அந்தப் பக்கத்தை அச்சடித்து மூட்டைக்குள் போட ஆரம்பித்தார்.

இப்போது கையில் இருப்பது ‘பூங்கார் விதை நெல்’ பக்கம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பது வழக்கம், தள்ளிப்போகும் வருடங்களும் உண்டு. குறுவைக்கு விதை தேடுவது அதற்கு முன்பே தொடங்கிவிடும், புதுப் பக்கம் கூகுளில் ஏறச் சில வாரமும் ஆகலாம். அதனால் சித்திரை பிறக்கும் முன் போட்டுவிட வேண்டும். சித்தி நோட்டில் முளைப்புத்திறன் பற்றி யாரெல்லாம் என்ன சொல்லில் கேட்டார்கள் என்று இன்று ராத்திரி பார்க்க வேண்டும்.